பாப்பாவுக்கு, அந்த நீல நோட்டைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. பெரியத்தை வந்துவிட்டுப் போனார்கள், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்ற சேதியெல்லாம் பிறகு.

நீ மறுபடி டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எடுத்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்கு என்ட்வைவ்ஸ் பற்றி, மரம்போல நடமாடும் அந்த என்ட்களின் பெண்களைப் பற்றி, மெசேஜ் போடுகிறாயாம். படிப்பதை நான் ஏன் வேண்டாம் என்கப் போகிறேன்? பதினோரு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படு, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கும் வெளிச்சம் கண்ணில் படுமே.

அவன் சொன்னதும் உன் நீல நோட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் நீ எழுதிய நாலு பக்கம். காணாமல் போன என்ட்வைவ்ஸ், குள்ள ஹாபிட்களின் ஊரான ஷயருக்கு வந்திருக்கலாம் என்பது உன் கட்சி. அதே தியரியைத்தான் மறுபடி கட்டுகிறாய் என்றால், இந்தத் தடவை அஸ்திவாரத்திலிருந்து கட்டு.

எந்த வரியை எடுத்தாலும் அது எந்த ஆண்டு எழுதியது, எந்த ஆண்டு அச்சானது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள். டோல்கீனைப் பற்றிய தியரிகளில் பாதிக்குமேல் இடிந்து விழுவது இந்த ஒரு இடத்தில்தான். அவர் உயிரோடு இருந்தபோது அச்சானவை ஒரு கட்டு: 1937இல் ‘தி ஹாபிட்’, 1954, 55இல் இந்த மூன்று பாகம். கடிதங்கள் இன்னொரு கட்டு, 1981இல் தொகுப்பாக வந்தவை. அவர் 1973இல் இறந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்தவை மூன்றாவது: 1977இல் ‘சில்மரில்லியன்’, 1980இல் ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’, 1983 முதல் 1996 வரை வரைவுகளின் 12 தொகுதி. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதே. பக்க எண் போட்டும் எழுதாதே, பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாகம், அத்தியாயம் எழுது.

கதையில் வரும் நீல மந்திரவாதிகள் இருவரை எடுத்துக்கொள். கிழக்கே போய் அவர்கள் தோற்றிருப்பார்கள் என்று அஞ்சுவதாக 1958இல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். வாழ்வின் கடைசிக் காலத்துக் குறிப்பில், கிழக்கே கதையின் வில்லன் சவுரானின் பலத்தைக் குறைத்ததே அவர்கள்தான் என்கிற மாதிரி எழுதுகிறார். அந்தக் குறிப்பு 1996இல்தான் அச்சில் வந்தது. இரண்டும் அவர் கையெழுத்துதான். ஆண்டு போடாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர் பாதி உண்மையைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

அடுத்தது, உவமையை உடம்பாக்காதே. பால்ரோக் என்கிற தீப்பூதத்துக்குச் சிறகு உண்டா என்று ஆண்டாண்டாக நடக்கும் சண்டை அதுதான். இரண்டாம் புத்தகம் ஐந்தாம் அத்தியாயத்தில், அதைச் சூழ்ந்த நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப் போல நீண்டது என்று முதலில் வருகிறது. கொஞ்சம் தள்ளி, சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று வருகிறது. ‘போல’ என்பதை முதலில் சொல்லிவிட்ட பிறகு இரண்டாவது தடவை அதைச் சொல்ல வேண்டியதில்லை. என் தீர்ப்பு, அது நிழல். காட்டோரம் வாழும் அந்த டாம் பாம்பாடில் யார் என்பதில் நேரத்தைச் செலவழிக்காதே. வேண்டுமென்றே வைத்த புதிர் என்று 1954இல் அவரே எழுதிவிட்டார்.

இப்போது உன் என்ட்வைவ்ஸ். முதல் புத்தகம் இரண்டாம் அத்தியாயத்தில், கிரீன் டிராகன் சத்திரத்தில் ஹாபிட் சாம் பேசுகிறான். அவனுடைய உறவுக்காரன் ஹால், நார்த் மூர்ஸ் பக்கம் எல்ம் மரம் அளவுக்கு ஒன்று நடந்து போவதைப் பார்த்தானாம். ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஏழு கஜம். அந்தப் பக்கம் எல்ம் மரமே கிடையாது என்கிறான் சாம். அப்படியானால் ஹால் அதைப் பார்த்திருக்கவே முடியாது என்று டெட் சாண்டிமேன் வாயை அடைக்கிறான், கூட்டம் சிரிக்கிறது. மூன்றாம் புத்தகம் நாலாம் அத்தியாயத்தில் மூத்த என்ட்டான ட்ரீபியர்ட், மெரி, பிப்பின் என்ற இரண்டு ஹாபிட் பையன்களிடமும் உங்கள் ஊர்ப் பக்கம் என்ட்வைவ்ஸைப் பார்த்ததுண்டா என்று கேட்கிறார். அவர்களுக்கு உங்கள் ஊர் பிடிக்கும் என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டது பதினாலு வயதில் நீயாகவே செய்தது. எங்கேயும் பார்த்து எழுதவில்லை. எனக்குத் தெரியும்.

ஓட்டைகளும் இருக்கின்றன. ஹாலுடைய கணக்கைப் போட்டுப் பார். ஏழு கஜம் என்றால் 21 அடி, ஆறு மீட்டருக்கு மேல். மனிதர் நடக்கும்போது வைக்கும் ஒரு எட்டு அவரவர் உயரத்தில் பாதிகூட வராது. அந்தக் கணக்கில் 40 அடிக்கு மேல் உயரம் வேண்டும். ட்ரீபியர்டுக்குச் சொல்லியிருப்பது 14 அடி. ஹால் சொன்ன அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, என்ட்களோடு பொருந்தவில்லை. பார்த்தவன் கூட்டியிருக்கலாம், சொன்னவன் இன்னும் கூட்டியிருக்கலாம். அவன் பார்த்தது என்ட்டாகவே இருந்தாலும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை.

வரைவு இன்னொரு இடி. 1988இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஷேடோ’வில் இதே சத்திரப் பேச்சின் பழைய வடிவம் இருக்கிறது. அதில் கோபுரம் அளவுக்கு, குறைந்தது மரம் அளவுக்கு ஒரு ராட்சதன். என்ட்கள் இன்றுள்ள உருவில் அப்போது பிறக்கவே இல்லை. ட்ரீபியர்ட் என்ற பெயரே மந்திரவாதி கான்டால்ஃபைப் பிடித்து வைத்த ஒரு கெட்ட ராட்சதனுக்குத்தான் இருந்தது. எனவே ஹாலுடைய வரி என்ட்வைவ்ஸுக்காக விதைத்த வரி அல்ல. ஆனால் என்ட்கள் வந்த பிறகும் அதை அவர் வெட்டவில்லை. ‘மர மனிதர்கள்’ என்று சொல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டார். உன் தியரிக்கு அங்கேதான் உயிர் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்.

நோட்டில் நீ விட்டுவிட்ட ஒன்று. என்ட்வைவ்ஸ் தோட்டம் போட்ட இடம் ஆன்டுயின் ஆற்றுக்குக் கிழக்கே. பயிர்த்தொழிலை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஹாபிட்கள் பழங்காலத்தில் இருந்ததும் அதே ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில்தான், முன்னுரையில் இருக்கிறது. அவர்கள் மலை தாண்டி மேற்கே வர ஆரம்பித்தது மூன்றாம் யுகம் 1050 வாக்கில். தோட்டங்கள் எரிந்ததோ இரண்டாம் யுகத்தின் கடைசிப் போரில். நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. அந்த இடைவெளியை நிரப்ப ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுது, பரவாயில்லை.

என்ட்களும் என்ட்வைவ்ஸும் ஏன் பிரிந்தார்கள் என்று தம்பியிடம் கேட்டாயாமே. சண்டை எதுவும் இல்லை, பாப்பா. என்ட்களுக்குக் காடு, அலைச்சல். அவர்களுக்குத் தோட்டம், ஒழுங்கு. ஆற்றுக்கு அந்தப்பக்கம் போனார்கள். இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது வேலை செய்து முதுகு வளைந்து, முடி வெயிலில் பழுத்த தானியத்தின் நிறத்துக்கு வந்திருந்தது, கண் மட்டும் பழைய கண். அடுத்த தடவை போனபோது அங்கே கருகிய நிலம்தான் இருந்தது. போய்ப் பார்ப்பது எப்போது குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் இதை என்ட்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை நலமா? போன மாதம் வீடியோவில் உன் பின்னால் இருந்த அலமாரியில் இரண்டு தட்டு காலியாகத் தெரிந்தது. ஒழித்து அடுக்கியிருப்பாய். அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான், சுற்றிக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பொங்கலன்று நீ நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாய். பெரியத்தை, சித்தி எல்லோரும் இருந்தார்கள். நாலாம் பக்கத்தைப் பாதி வாசிக்கும்போதே நான் சொன்னேன்: “எழுதினவரே அழிஞ்சு போயிட்டாங்கன்னு சொல்லிட்டார். அப்புறம் நீ என்னத்தைக் கண்டுபிடிச்சே?” எல்லோரும் சிரித்தார்கள். நீ நோட்டை மூடினாய். வாழை இலையைத் துடைக்க ஆரம்பித்தாய்.

நான் சொன்னது 1954 ஏப்ரலில் எழுத்தாளர் நவோமி மிட்சிசனுக்கு டோல்கீன் எழுதிய கடிதம். அதில் ‘நினைக்கிறேன்’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன். சிலர் கிழக்கே தப்பியிருக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது, அதையும் விழுங்கினேன். அதே தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் 1972ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. என்ட்வைவ்ஸ் பற்றி அங்கே அவர் சொல்வது: எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் கழித்து, படைத்தவர் தன் ‘நினைக்கிறேன்’ஐத் ‘தெரியாது’ என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி ஈடித் 1971 நவம்பரில்தான் இறந்திருந்தார். இதை வைத்து அவர் மனத்துக்குள் போய்க் கதை கட்டாதே, ஆண்டை மட்டும் குறித்துக்கொள்.

அந்த 1972 கடிதம் எனக்கு அன்றைக்கே தெரியும். படித்து அடிக்கோடு போட்டிருந்தேன். உன்னை ஜெயிக்க வேண்டும் என்று மறைத்தேன். பதினாலு வயதுப் பெண்ணை, நாலு பேர் முன்னால். டெட் சாண்டிமேன் செய்த அதே வேலை.

முழுதாகச் சொல்லாவிட்டால் மறுபடி அதே தப்பு. ‘தெரியாது’ என்பதற்கு அடுத்து, வரலாற்றுக்குள் அவர்கள் மறுபடி ஒன்றுசேர்வது இல்லை என்பது புத்தகத்திலேயே தெளிவு என்கிறார். அதையும் எழுதிக்கொள்.

கிறிஸ்டோபரைப் பார். 1977இல் ‘சில்மரில்லியன்’ புத்தகத்தில் எல்ஃப் அரசன் கில்-கலாடை ஃபிங்கோனின் மகன் என்று போட்டுவிட்டார். 1996இல் தானே முன்வந்து, யார் மகன் என்று சொல்லாமலே விட்டிருக்க வேண்டும் என்று அச்சில் எழுதினார். அவருக்குப் பத்தொன்பது வருஷம். எனக்கு அதைவிடக் கூட ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நீ என்னிடம் பாதியில் இருக்கும் எதையும் காட்டியதில்லை. வேலை, ஊர், கல்யாணம், எல்லாம் முடிவான பிறகுதான் சொன்னாய். எல்லாமே நல்ல முடிவுதான், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அஞ்சு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது பாப்பா. போன் எடுத்தால் இரண்டு நிமிஷம், மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? சரி, கேட்கவில்லை. இந்தத் தடவை முடிவாவதற்கு முன்னாலேயே சொல்லலாம். பாதிப் பக்கமாக இருந்தாலும் சொல்லலாம். நான் கடிதம் எதையும் எடுத்து நீட்ட மாட்டேன்.

ஆறாம் புத்தகம் ஆறாம் அத்தியாயத்தைத் திரும்ப ஒரு தடவை படி. எல்லாம் முடிந்து பிரியும்போதும் ட்ரீபியர்ட் அந்தப் பையன்களிடம், உங்கள் பக்கம் ஏதாவது சேதி தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள் என்கிறார். தேடிப் போகிற வயது தாண்டிவிட்டது அவருக்கு.

நீல நோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நாலாம் பக்க ஓரத்தில் 1972 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், வேண்டாமென்றால் அழித்துவிடு. கூடவே பருப்புப் பொடி அரைக் கிலோ. இரண்டு பேருக்கு ஒரு மாதம் வரும். ஒருவருக்கு என்றாலும் கெட்டுப்போகாது, பாதியை ஃப்ரிட்ஜில் வை.

அன்புடன்
அம்மா