'ஹீ லீடெத் மீ' பாட்டை நடத்தப்போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான ஜெபாவுக்கு,

ஞாயிறு ஆராதனையில் 'ஹீ லீடெத் மீ' ('அவர் என்னை நடத்துகிறார்') என்ற ஆங்கிலக் கீர்த்தனையை நீதான் நடத்துகிறாய் என்று அம்மா சொன்னாள். முன்னுரையை இரண்டு நிமிடத்தில் முடி. கண்ணீர்க் கதை எதையும் சேர்க்காதே, இந்தப் பாட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இதை எழுதிய ஜோசப் கில்மோர் அப்போது இளம் போதகர். 1862 மார்ச் 26, பிலடெல்பியா முதல் பாப்டிஸ்ட் சபையின் வாரநடுக் கூட்டத்தில் 23ஆம் சங்கீதத்தை விளக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்த காலம். சங்கீதத்தில் 'அவர் நடத்துகிறார்' என்ற இடத்தைத் தாண்டிக் கில்மோரால் நகர முடியவில்லை. பிறகு ஒரு டீக்கன் வீட்டில் பேசிக்கொண்டே, பிரசங்கக் குறிப்புத் தாளின் வெற்றுப் பக்கத்தில் இந்தப் பாட்டைப் பென்சிலால் எழுதி மனைவியிடம் கொடுத்தார், மறந்தும்போனார். அந்த அம்மாள் அவருக்குத் தெரியாமலே பாஸ்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். 1865இல் ராச்செஸ்டரில் ஒரு சபையில் பிரசங்கிக்கப் போனவர், இங்கே என்ன பாடுகிறார்கள் பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தால் அவர் பாட்டு!

மெட்டு வில்லியம் பிராட்பரி போட்டது. 'ஜீசஸ் லவ்ஸ் மீ' மெட்டும் அவருடையதே. பல்லவியின் பின்னிரண்டு அடிகளையும் அவர்தான் சேர்த்தார். எல்லாம் கில்மோர் எழுதியது என்று சொல்லிவிடாதே.

நான்கு சரணங்கள், அடிக்கு எட்டு அசை. ஒவ்வொரு சரணமும் 'லீடெத் மீ' என்றே முடியும். சபை இழுப்பது அங்கேதான். கீபோர்டில் கையை எடுக்காமல் வைத்திருந்தால் அவர்களும் நீட்டிக்கொண்டே போவார்கள், இரண்டாம் சரணத்துக்குள் வேகம் பாதியாகிவிடும். அந்தச் சுரத்தை அளவோடு வெட்டி, மூச்சுக்கு இடம் விட்டு, பல்லவியை நீயே முந்தித் தொடங்கு. டி மேஜரில் காலை ஆராதனைக்குக் குரல் எட்டவில்லை என்றால் சி மேஜருக்கு இறக்கு.

நேரம் போதவில்லை என்று மூன்றாம் சரணத்தை மட்டும் வெட்டாதே. முதலிரண்டும் ஆண்டவரைப் பற்றிப் பேசுகின்றன. மூன்றாவதில்தான் பாடுகிறவர் முறுமுறுக்கமாட்டேன் என்று ஆண்டவரிடமே நேராகப் பேசுகிறார். அது இல்லாமல் நான்காவதில் யோர்தானைக் கடப்பது, அதாவது மரணத்தைக் கடப்பது, திடீரென்று வந்து நிற்கும். வேண்டுமானால் பல்லவியை இரண்டு சரணத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள், அதில் நேரம் மிச்சமாகும்.

சில புத்தகங்களில் அந்த மூன்றாம் சரணம் விடுபட்டிருக்கும். திரையில் வரிகள் போடுகிற தம்பியிடம் சனிக்கிழமையே கேட்டுவிடு.

அன்புடன்,
அப்பா