காஸ் சிலிண்டருக்கும் தொலைபேசிக்கும் திசைகாட்டிக்கும் ஒரு மடல்

மதிப்புக்குரிய ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்குக் களத்தில் நிற்பது 38 பேர். அத்தனை பேரும் இதை வாசிக்க வேண்டும் என்றில்லை. வெல்லக்கூடியவர்கள் என்று ஊர் பேசுகிற மூவர் வாசித்தால் போதும்: காஸ் சிலிண்டர் சின்னத்தில் ரணில் விக்கிரமசிங்க, தொலைபேசியில் சஜித் பிரேமதாச, திசைகாட்டியில் அநுர குமார திசாநாயக்க.

போன கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து எங்கள் வேலைத்தலத்துக்கு ஒரு கட்சியின் ஆட்கள் வந்தார்கள். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, பிறகு வந்த மற்றக் கட்சியின் நோட்டீசும் ஏறக்குறைய அதேதான். வரி குறையும், கரண்ட் பில் குறையும், சம்பளம் கூடும், உரம் மலியும். “இதுக்கெல்லாம் காசு எங்கயிருந்து வரும், தம்பி?” என்று எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் கேட்டார். “முதல்ல வெல்லுவம் ஐயா, பிறகு பார்ப்பம்” என்று சிரித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார் அந்தத் தம்பி.

‘பிறகு பார்ப்பம்’ எப்படி முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2019இல் வரியைக் குறைப்போம் என்று சொல்லி கோட்டாபய ராஜபக்சவின் அணியினர் 69 இலட்சம் வாக்கு வாங்கினார்கள். டிசெம்பர் பிறந்ததும் வற் எனும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதமாக இறங்கியது. அப்படிச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர பிரசார காலத்திலேயே எச்சரித்தார். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக அவருடைய அணிக்கே மனம் வரவில்லை. அவர் 2021இல் காலமானார். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: உங்கள் விஞ்ஞாபனத்தில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே, அதற்கு எவ்வளவு காசு வேண்டும், அது யாருடைய பையிலிருந்து வரும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

யாருடைய பை என்று ஏன் கேட்கிறேன் என்றால், போன முறை அது எங்களுடைய பையாக இருந்தது. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியரிடம் 8 வீதமும் நிறுவனத்திடம் 12 வீதமும் பிடித்து மாதாமாதம் ஈ.பி.எப். எனும் ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்புவது என் வேலை. எங்கள் தையல் பிரிவில் இருந்த ஓர் அக்கா 50 வயதாகி 2022 கடைசியில் விலகினார். வீட்டுக்குக் கூரை மாற்றி இரண்டு அறை கட்ட, 2020இலேயே மேசனிடம் கணக்கு எழுதி வாங்கி வைத்திருந்தார். கொப்பித் தாளில் சீமெந்து இத்தனை மூட்டை, கம்பி இத்தனை, தகரம் இத்தனை என்று. என் மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டுதான் படிவம் நிரப்பினார். ஆயிரம் ரூபாய் அளவில் எழுதியிருந்த சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டிருந்தது. அந்த வருடம் ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 வீதம். செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். பேனையால் ஓர் அறையை வெட்டினார். கொஞ்ச நேரம் கூட்டிப் பார்த்துவிட்டு மற்ற அறையையும் வெட்டினார். கூரை மட்டும் மிஞ்சியது.

அதோடு விட்டீர்களா? 2023 ஜூலை 1, வங்கிகள் தொடர் விடுமுறையில் இருந்த சனிக்கிழமை, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு 122க்கு 62 என்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகளை, அதாவது அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை, தொடவில்லை. ஈ.பி.எப். போன்ற நிதிகளுக்கு மட்டும், கையிலிருந்த பிணைமுறிகளைப் புதியவற்றுக்கு மாற்ற ஒத்துக்கொண்டால் வட்டி 2025 வரை 12 வீதம், அப்புறம் 9 வீதம். மறுத்தால் வரி 14க்குப் பதில் 30 வீதம் என்றார்கள். இந்தத் தேர்தலில் எத்தனை மேடையில் இந்தக் கதை வருகிறது?

2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற சனத்திடம் காஸ் சிலிண்டரையே சின்னமாக நீட்ட ஒரு துணிவு வேண்டும்தான். வற்றை 18 வீதத்துக்கு ஏற்றியதையும் துணிவு என்கிறார்கள். 2022இல் 134 எம்.பி.க்களின் வாக்கில் ஜனாதிபதியாக வந்த ரணிலுக்கு அது அவ்வளவு கடினமில்லை. வாக்குக் கேட்டு வரும்போது சொல்வதுதான் கடினம், இப்போதோ அவரும் அரச ஊழியருக்கு ஜனவரியில் சம்பள உயர்வு என்கிறார். மற்றவர்களும் குறைந்தவர்களில்லை. ஒருவர் 50 கிலோ உரம் 5,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் மின்கட்டணத்தில் மூன்றிலொரு பங்கை வெட்டுவேன் என்கிறார். எல்லாம் நல்லதுதான், நடந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் 2025இலிருந்து, கடன் வட்டி நீங்கலாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் மிச்சம் காட்ட வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தோடு நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் விட்டால் இன்னோரிடத்தில் பிடிக்கத்தான் வேண்டும். அந்த இன்னோரிடம் எது?

2023 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். அந்தத் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று போன மாதம்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் காசு எப்படியோ வந்துவிட்டது. பெரிய மேடைகளுக்கும், ஆளுயரப் பதாகைகளுக்கும், தலைக்கு மேலால் பறக்கும் ஹெலிகொப்டர்களுக்கும் நாட்டில் ஒருபோதும் தட்டுப்பாடு வந்ததில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கணக்கைக் காட்டினால் வாக்குக் குறையும் என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்லியிருப்பார்கள். குறையலாம். காட்டாமல் வென்ற கோட்டாபய 2022 ஜூலையில் நாட்டை விட்டு எந்த வழியாக, எந்த விமானத்தில் போனார் என்பதையும் அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிரசாரம் 18ஆம் திகதி நள்ளிரவோடு ஓய்கிறது. அதற்குள் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே தொகையையும், அதைக் கொடுக்கப்போகிறவர் யார் என்பதையும் எழுதி வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஈ.பி.எப். காசில் இனிக் கை வைக்க மாட்டோம் என்றால் அதையும் எழுதுங்கள், வைப்போம் என்றால் அதையும் எழுதுங்கள். சிங்களத்தில் வெளிவரும் அதே நாளில் தமிழிலும் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வவுனியா மாவட்ட வாக்காளர் ஒருவர்