நீலத்துக்கு அச்சகம் பொறுப்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓவியக் கண்காட்சி பற்றிய கட்டுரையோடு அச்சான நீல ஓவியம் நேரில் பார்த்ததுபோல் இல்லை, ஊதா தட்டுகிறது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் குறைப்பட்டு, பழியை அச்சகத்தின் மேல் போட்டிருந்தார். அச்சகத்தாருக்காக வாதாட வரவில்லை. அவர்கள் சொதப்புகிற நாள்களும் உண்டு. ஆனால் அல்ட்ராமரீன் என்ற ஆழ்நீல நிறமி பூசிய பரப்பு, நேரில் தெரிந்து படத்தில் வராத பொருள்களில் ஒன்று. அங்கே யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

நாலு கலர் அச்சில் நீலத்துக்குத் தனி மை கிடையாது. சயான் என்ற நீலப்பச்சை மையின் மேல் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மை விழுந்துதான் நீலம் வருகிறது. இரண்டுமே சுத்தமான மைகள் அல்ல. மெஜந்தா, தான் விட்டுவிட வேண்டிய நீல ஒளியிலும் கணிசமாக விழுங்கிவிடும். சயானும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். மிஞ்சுவது மங்கலான, சிவப்போடிய நீலம். சயான் 100 சதவீதம், மெஜந்தா 100 சதவீதம் என்று கொடுத்தால் ஊதாதான். மெஜந்தாவை 70-க்கு மேல் போகாமல் நிறுத்தினால் நீலம் நீலமாகத் தெரியும், ஆனால் ஆழம் போய்விடும். பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன் 1960-ல் பதிவு செய்த நீலமும் அல்ட்ராமரீன்தான். அதன் சூட்சுமம் நிறமியைவிடப் பசையில்தான் இருந்தது. எண்ணெயில் குழைத்தால் நிறமித் தூளின் துலக்கம் மங்கிவிடும். அதனால் அதைத் தூளின் தோற்றத்திலேயே நிறுத்தும் செயற்கைப் பிசினில் கலந்தார். அப்படிப்பட்ட மெருகற்ற பரப்பைப் பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் அச்சிட்டுவிட்டு, அதே நீலத்தைத் தேடுவது நடக்கிற காரியமா?

திரையில் பார்த்தால் சரியாக வருமே என்பார்கள். ஓரளவுதான். கண்ணுக்குத் தெரியும் நிறங்களை 1931-ல் வகுத்த வரைபடத்தில் குறித்தால் அது குதிரை லாட வடிவில் வளைந்து நிற்கும். திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளால் ஆனது. அவற்றைக் கலந்து கிடைக்கும் நிறங்கள் எல்லாம் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கிவிடும். லாடத்துக்குள் வரையும் முக்கோணம் எதுவானாலும் வளைவில் கொஞ்சம் வெளியே நின்றுவிடும். இணையப் படங்களுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற எல்லையின் முக்கோணம் அந்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிகம் தொலைவது 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை. வேடிக்கை என்னவென்றால், சுத்தமான சயானில் மட்டும் அச்சு மை அந்தத் திரையை முந்திவிடுகிறது.

அதனால் அச்சுக்கான பிளேட் (தகடு) போடும் முன்பே எந்த இடம் தொலையும் என்று பார்த்துவிடலாம். மென்பொருளில் அச்சகம் தந்த புரொஃபைலை (அந்த அச்சின் நிற விவரக் கோப்பை) ஏற்றி, அச்சுத் தோற்றத்தைத் திரையிலேயே காட்டும் ஸாஃப்ட் புரூஃபில் நிற எல்லை மீறலைச் சுட்டும் கேமட் வார்னிங்கை இயக்கினால் அச்சில் வராத இடங்கள் சாம்பலாகக் காட்டும். பிறகு படத்தின் நிறங்களை அச்சு நிறங்களாக மாற்றும் முறையைத் தேர்வு செய்ய வேண்டும். ரிலேட்டிவ் முறையில் எல்லைக்கு வெளியே இருப்பவை எல்லாம் எல்லைக் கோட்டிலேயே வந்து குவியும். நீலத்துக்குள் இருந்த பத்துச் சாயல்கள் ஒரே திட்டாகிவிடும். பெர்செப்சுவல் முறை எல்லா நிறத்தையும் சேர்த்துச் சுருக்கும். மொத்தத்தில் மங்கும், சாயல்களின் வேறுபாடு பிழைக்கும். நீலமே பொருளாக இருக்கும் ஓவியத்துக்கு இரண்டாவதுதான் சரி. செலவுக்கு அஞ்சாவிட்டால் அந்த நீலத்தை ஐந்தாவது மையாகத் தனி பிளேட்டில் ஓட்டலாம்.

இதோடு போட்டுக் குழப்பக் கூடாத குறைகளும் உண்டு. சிவப்பு ரோஜா இதழ்கள் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக வருவது திருத்தக்கூடியது. கேமராவின் பொது ஹிஸ்டோகிராமில் (ஒளியளவைக் காட்டும் வரைபடத்தில்) பச்சைக்கு எடை அதிகம். சிவப்பு மட்டும் பதிவின் உச்ச அளவைத் தாண்டி வழிந்து போனதை அது காட்டாது. சிவப்பின் ஹிஸ்டோகிராமைத் தனியே பார்த்து, ஒளியை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்து, கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்தால் மடிப்புகள் திரும்பி வரும். ஏஜிரேட்டம் போன்ற சில நீலப் பூக்கள் ஃபிலிமில் இளஞ்சிவப்பாக வந்ததற்குக் காரணம் வேறு. 700 நானோமீட்டர் பக்கத்து ஆழ்சிவப்பை அவை நிறையத் திருப்பி அனுப்புகின்றன. அங்கே நம் கண் கிட்டத்தட்டக் குருடு, ஃபிலிமின் சிவப்பு அடுக்கு அப்படி இல்லை. அதையும் நிறத்திருத்தத்தில் சரிக்கட்டலாம்.

திருத்தவே முடியாதது மினுக்கம். தங்கத் தகட்டின் மேல் தெரியும் ஒளிப்பொட்டு, விளக்கின் பிம்பம். பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தாளைவிடப் பல மடங்கு பிரகாசம். அச்சிலோ தாளின் வெண்மைதான் உச்சம். அதற்கும் கறுப்பு மைக்கும் உள்ள பிரகாச விகிதம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். போதாததற்கு நம் கண்கள் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விலகி இருப்பதால், அந்தப் பொட்டு இடக் கண்ணுக்கு ஓரிடத்திலும் வலக் கண்ணுக்கு வேறிடத்திலும் தெரிகிறது. மூளை அந்த முரண்பாட்டையும் மினுக்கமாகப் படிக்கிறது. ஒற்றை லென்ஸ் எடுத்த படத்தில் அது இருக்க வழியில்லை. அதனால்தான் படத்தில் தங்கம் வெறும் பழுப்பு மஞ்சளாகிறது. மயில் கழுத்தும் ஓப்பல் கல்லும் ஊடும் பாவும் வேறு நிறமான பட்டும் இந்தக் கணக்கில்தான் வரும்: பார்க்கும் கோணம் மாறும்போது மாறுவதுதான் அவற்றின் நிறம். 1839-ல் அறிவிக்கப்பட்ட டாகரோடைப் இன்னும் மோசம். அதுவே ஒரு புகைப்படம்தான், ஆனால் வெள்ளி பூசிய கண்ணாடிப் பளபளப்புள்ள தகடு. சாய்த்தால் பாசிட்டிவ் நெகட்டிவாகும், நேரே நின்று படமெடுத்தால் கேமராவே அதில் தெரியும்.

ஓவியப் படங்களுக்குக் கீழே 'அச்சில் நீலம் மங்கியுள்ளது' என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் புகார் நின்றுவிடும். தங்க வேலைக்கும் இறகுக்கும் ஒரே பெரிய படம் போடுவதைவிட, கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்தி எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதே அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
நிறப்பிரிப்பு வேலை தெரிந்த வாசகர்