நீர்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்: உங்கள் கணினியில் கரை உடையட்டும்

நீர்வளத் துறையின் முதன்மைத் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும் சென்னை மண்டலப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் தொழில். குடியிருப்பது முடிச்சூர் பக்கம். இரண்டும் ஒருவனுக்கே வாய்த்தால் அக்டோபர் பிறந்ததும் தூக்கம் கெடும். சென்னை வடிநிலத்துக்கு வெள்ள முன்னறிவிப்பு அமைப்புகள் வந்துவிட்டன. இவ்வளவு மழை பெய்தால் இந்த இடத்தில் இவ்வளவு தண்ணீர் என்று சொல்கின்றன. நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்கில் ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடைகிறதா? உடைகிறது என்றால், அந்த வரைபடங்கள் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் கைக்கு வர வேண்டும். உடையவில்லை என்றால், இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உடைத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த மடல் அதைக் கேட்கத்தான்.

2015 டிசம்பர் என்றதும் பேச்சு செம்பரம்பாக்கத்துக்குப் போய்விடுகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு என்று டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே ஏறியது ஆதனூர், மணிமங்கலம் என்று மேலே தொடர்ச்சியாக இருக்கும் ஏரிகளின் தண்ணீர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்திருந்தது. பெரிய ஏரியின் மதகைப் பற்றி விவாதித்தே பழகியதால், சின்ன ஏரிகளின் மண்கரைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சின்ன ஏரி என்ன செய்யும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 100 மில்லியன் கன அடி பிடிக்கும் ஒரு ஏரி. செம்பரம்பாக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அதில் முப்பத்தாறில் ஒரு பங்குகூட இல்லை. கரையில் 100 அடி அகலத்துக்கு உடைப்பு, உடைப்பின் அடியிலிருந்து தண்ணீர் 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற மேடையின் மேல் தண்ணீர் வழிவதற்கான சாதாரணச் சூத்திரத்தில் போட்டால் விநாடிக்கு 9,700 கன அடி வருகிறது. அதே வேகம் நீடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் ஏரி காலி. நிஜத்தில் மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும், அதனால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனாலும் பெயரே தெரியாத ஒரு ஏரி, சில நிமிடங்களுக்காவது, 2015இல் செம்பரம்பாக்கம் திறந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒரு தெருவின் மேல் கொட்டிவிடும். அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குள் போகிறது. அங்கே உபரிநீரை வெளியேற்றும் கலங்கல் ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கிறது, இவ்வளவையும் தள்ள அதற்கு நீளம் போதாது. அந்தக் கரையும் மேலே வழியத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு ஏரியாகத் தனித்தனியே ஓட்டிப் பயனில்லை. முழுத் தொடரையும் ஒன்றாக, ஒன்றின் உடைப்பு அடுத்ததைத் தூண்டும்படி ஓட்ட வேண்டும்.

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் போதும். 2016இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே, தண்ணீர் தரையில் எல்லாப் பக்கமும் பரவுவதைப் போடும் இருபரிமாணக் கணக்கு அதில் இருக்கிறது. ஆற்றுக்கரையைப் பக்கவாட்டுக் கட்டுமானமாக வைத்து, உடைப்பின் கடைசி அகலம், அடிமட்டம், பக்கச் சரிவு, முழுதாக உடைய ஆகும் நேரம், எந்த நீர்மட்டத்தில் உடையத் தொடங்கும் என்பதையெல்லாம் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் பொறியாளர்கள் பலருக்கு இது தெரிந்ததுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது தரைமட்டம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே உயரம் சொல்லும் தரவை வைத்துச் செய்த வெள்ள வரைபடங்களை நிறையப் பார்த்துவிட்டேன். நான்கு மீட்டர் அகல ஏரிக்கரை அந்தக் கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போகும். கரையே இல்லாத வரைபடத்தில் எதை உடைப்பது? லேசர் அளவீட்டுத் தரவு வேண்டும். அது இருந்தாலும், கரையின் உச்சியை ஒட்டிப் பிரேக்லைன் (மேடு இங்கே ஓடுகிறது என்று மென்பொருளுக்குக் காட்டும் கோடு) போட்டு, தரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையின் விளிம்புகளை அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் தண்ணீர் கரையை ஊடுருவிப் போகும், நாமும் அதை வெள்ளம் என்று நம்பிவிடுவோம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் தாம்பரம் ரயில் பாதையும் வெள்ளத்துக்குக் கரைகள்தான். அவற்றையும் அவற்றின் அடியில் இருக்கும் சிறுபாலங்களையும் சேர்க்காத கணினி மாதிரியில், தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்பதே தலைகீழாக வரும்.

இரண்டாவது, உடைப்பு நேரம். அரை மணியில் உடைகிறதா, மூன்று மணியிலா? அணைகளுக்காக எழுதிய சூத்திரங்கள் நம் ஏரிக்கரைக்கு அப்படியே பொருந்தாது. இதில் ஒற்றை விடை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டையும் ஓட்டுங்கள். கீழே பத்து கிலோமீட்டரில் வித்தியாசம் மங்கிவிடும். கரையை ஒட்டிய முதல் நான்கைந்து தெருக்களில்தான், மாடிக்கு ஏறவாவது நேரம் இருக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எந்த இடத்தில் உடைப்பது? வரைபடத்தில் நடுக்கரையைத் தொட்டு 'இங்கே' என்று வைப்பது சுலபம். மண்கரை அப்படிப் பார்த்து உடைவதில்லை. மதகின் ஓரமாகக் கசிந்து, உள்ளுக்குள்ளேயே மண்ணை இழுத்துக்கொண்டு போய் உடையும். மாடும் வண்டியும் ஏறி இறங்கித் தாழ்ந்துபோன இடத்தில் வழிந்து உடையும். கருவேல மரம் சாய்ந்த குழியில் உடையும். இதெல்லாம் எந்தக் கரையில் எங்கே இருக்கிறது என்று ஏரியையும் மதகையும் கவனிக்கும் உங்கள் ஊழியரான லஸ்கருக்குத் தெரியும், கரைக்குக் கீழே பயிர் வைத்தவருக்கும் தெரியும். மாதிரியை ஓட்டுபவர் ஒரு நாளாவது அவர்களோடு கரையில் நடக்கட்டும். அப்புறம், ஊருக்குள் தண்ணீர் நின்றால் மக்களே இரவில் கரையையோ சாலையையோ வெட்டிவிடுவார்கள். அதையும் ஒரு உடைப்பாக ஓட்டிப் பாருங்கள். வெட்டினால் யார் வீட்டுக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அன்றைக்குப் பேசவாவது ஒரு ஆதாரம் இருக்கும்.

ஆற்றுக்கரை உடைப்பு இன்னொரு வகை. ஏரி காலியானால் நின்றுவிடும். ஆறு நிற்காது, மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றுக் கரைக்கு இந்தக் கணக்குத்தான் வேண்டும். ஆற்றின் மட்டம் இறங்கிய பிறகு, வெளியே போன தண்ணீரை உள்ளே திரும்பவிடாமல் அதே கரை மறிக்கும். எத்தனை நாள் நிற்கும் என்பதும் வரைபடத்தில் வர வேண்டும்.

இவ்வளவையும் செய்து அலுவலக அலமாரியில் வைப்பீர்களானால் எங்களுக்கு லாபமில்லை. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசர கால நடவடிக்கைத் திட்டத்தைக் கேட்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். எங்கள் ஏரிகளில் பெரும்பாலானவை அதில் வராது. சட்டம் கேட்காததை நீங்களாக முன்வந்து செய்ய வேண்டியிருக்கிறது.

வெளியிட்டால் பீதி கிளம்பும், மனை விலை விழும் என்பார்கள். விலை விழலாம், மறுக்கவில்லை. நெதர்லாந்தில் வீட்டின் அஞ்சல் எண்ணைக் கொடுத்தால் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் வரக்கூடும் என்று அரசே காட்டுகிறது. இங்கிலாந்தில் பெரிய நீர்த்தேக்கங்கள் உடைந்தால் எதுவரை மூழ்கும் என்ற வரைபடம் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கிறது. அங்கேயும் மனை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கித் தரைத்தளத்தில் வீடு வாங்கப்போகிறவருக்கு, விற்பவர் சொல்லாததை நீங்கள் சொல்லிவிட்டால் அதில் எனக்கு வருத்தமில்லை.

வரைபடம் நிறப் பட்டைகளாக இருந்தால் யாருக்கும் புரியாது. தெருப் பெயர், தண்ணீர் வந்து சேரும் நேரம், முழங்காலா இடுப்பா தலைக்கு மேலா என்ற அளவு, எந்தப் பள்ளிக்கூடத்து மாடி வெளியே நிற்கும் என்பது. இவை தமிழில், ஒரே தாளில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

முழு வடிநிலத்தையும் ஒரே வருடத்தில் முடிக்கச் சொல்லவில்லை. ஆதனூரிலிருந்து திருநீர்மலை வரையான தொடரை மட்டும் முதலில் எடுங்கள். 2015இல் தண்ணீர் ஏறிய மட்டம் பல வீடுகளின் சுவரில் இன்னும் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாதிரியைச் சரிபார்க்க அதைவிட நல்ல தரவு கிடைக்காது. அளந்து தர இங்கே ஆள் இருக்கிறோம், நானும் வருகிறேன். செப்டம்பருக்குள் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முடிச்சூர்வாசி, நீரியல் மாதிரிப் பொறியாளர்