சாக்கு ஏறியதும் பெயர் இழக்கும் நெல்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டாவில் ஓவியமும் வடிவமைப்பும் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள், அவர்களை இங்கே இருத்திவைக்க ஒரு கலை மையம் கட்ட வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கட்டடத்துக்குக் குறைவில்லை. தஞ்சை மேலவஸ்தாசாவடியில் 2024-இல் ஐ.டி. நிறுவனங்களுக்கான நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் வருடந்தோறும் வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஏன் என்று தெரிய, அறுவடை நேரத்தில் ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் நெல்லைத் தூற்றி, 40 கிலோ சிப்பமாகச் சணல் சாக்கில் பிடித்துத் தைத்து லாரியில் ஏற்றுவார்கள். வயலில் நின்றபோது அந்த நெல்லுக்கு ஒரு ரகப் பெயர் இருந்தது. எடைமேடையில் இரண்டே பெயர்: சன்ன ரகம், பொது ரகம். விலை அரசு வைத்தது, சாக்கும் அரசுடையது. விவசாயிக்கு இது பெரிய பாதுகாப்பு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் களத்திலிருந்து லாரி வரை எந்த இடத்திலும் ஒரு படமோ ஒரு எழுத்தோ வரையவேண்டிய தேவையே எழவில்லை. பிறகு ஓவியனுக்கு இங்கே என்ன வேலை?

பெயரோடு விற்கும் நெல்லுக்குத்தான் அந்தத் தேவை வருகிறது. மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார் என்று நெல் ஜெயராமன் போன்றவர்கள் மீட்டுக் கொடுத்த ரகங்களை இன்று பல உழவர் குழுக்கள் அரிசியாக்கி நேரடியாக விற்கின்றன. அவர்களுடைய பொட்டலங்களைப் பார்த்தால் நிலவரம் புரியும். இணையத்தில் இறக்கிய வயல் படத்தில் கூம்புத் தொப்பி போட்டவர் நாற்று நடுகிறார். ஃப்ளெக்ஸ் கடையில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றும் 'கர்வ்' செய்யாமல் அச்சகத்துக்கு அனுப்பியதால், 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். திரையில் பளிச்சென்றிருந்த நாற்றுப் பச்சை, நான்கு வண்ண அச்சில் பாசி நிறமாக வருகிறது.

இதைவிடப் பணத்தைத் தின்னும் பிழைகள் உண்டு. வேக்யூம் போடுமுன் லேபிளை ஒட்டிவிட்டால், காற்று உறிஞ்சியதும் பை அரிசி மணியோடு இறுகி லேபிள் சுருங்கிப்போகும். உறிஞ்சிய பிறகுதான் ஒட்ட வேண்டும், அல்லது வெளியுறை வேண்டும். பொதி செய்த மாதம், எம்.ஆர்.பி., தொகுதி எண் மூன்றையும் மொத்தமாக அச்சடிப்பது அடுத்த தப்பு. தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் சிக்கடிக்கும், வண்டும் சீக்கிரம் விழும். அதனால் நெல்லாகவே வைத்துக்கொண்டு மாதாமாதம் அரைப்பதுதான் வழக்கம். அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு, அரைக்கும் மாதத்தில் முத்திரை குத்திக்கொள்ளலாம். நிகர எடை, முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி ஆகியவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்காவிட்டால், கடைசியில் படத்தின் மேல்தான் ஏறி உட்காரும். பிளாஸ்டிக் பையிலேயே படம் அடிக்கும் கிராவூர் அச்சில் நிறத்துக்கு ஓர் உருளை, ஓர் உருளைக்கே ஆயிரக்கணக்கில் செலவு. சிறு குழுவுக்கு அது கட்டாது. துணிப்பையில் இரண்டு நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, இதுவே போதும். இரண்டு நிறத்தில் அழகாகச் செய்யத்தான் கை தேர்ந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் சென்னையிலிருந்து ஒரு நாள் வந்து போனால் நடக்காது. தையில் வந்திறங்கினால் பல இடங்களில் அறுவடை முடிந்து நெல் தாள்தான் மிஞ்சியிருக்கும். நாற்றங்கால், நடவு, கதிர் பால் பிடிப்பது, நெடுநெடுவென வளர்ந்த மாப்பிள்ளை சம்பா காற்றில் சாய்ந்து கிடப்பது எல்லாவற்றையும் பார்க்க ஆவணி முதல் மாசி வரை ஏழு மாதம் ஊரோடு இருக்க வேண்டும்.

செலவுக்கு வழி இருக்கிறது. விற்கும் அரிசியில் கிலோவுக்கு 2 ரூபாய் ஒதுக்கினால் 20 டன் விற்கும் குழுவிடம் 40,000 ரூபாய் சேரும். ஒரு குழுவால் ஆளைத் தாங்க முடியாது. ஐந்து குழுக்கள் சேர்ந்தால் 2 லட்சம், மாதம் ஏறக்குறைய 28,500. தங்க ஓர் அறையும் வண்டிக்குப் பெட்ரோலும் சேர்த்தால் சென்னையில் வாடகைக்குக் கொடுத்து மிஞ்சுவதைவிட மோசமில்லை. பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும், மீதியை அச்சு வந்த அன்றே. "அரிசி வித்ததும் தர்றோம் தம்பி" என்ற பேச்சுதான் இங்கே பல பேரை ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறது. "லேபிள்தானே, டிடிபி கடையில 200 ரூபாய்க்குப் போட்டுத் தருவான்" என்பது அதற்கு அடுத்தது.

சுவாமிமலை வார்ப்பு, நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் ஓவியம் இருக்கின்றனவே என்பார்கள். அவை பட்டறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகவேண்டியவை. அந்தக் கணக்கு வேறு. டெல்டாவைப் பாதுகாக்க வந்த 2020-இன் வேளாண் மண்டலச் சட்டம் குறுக்கே நிற்குமோ என்றால், அது உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய்-எரிவாயு எடுப்பது போன்றவற்றைத்தான் தடுக்கிறது, அரிசிக்குப் பெயர் எழுதுவதை அல்ல.

உழவர் குழுக்கள் இதை ஆடிக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஆவணியில் நாற்று விட்டுவிட்டால் இந்த வருடத்து நாற்றங்கால் படம் போனது போனதுதான்.

– ஒரு வாசகர், கும்பகோணம்