பொருள்: மடித்த இடமெல்லாம் வெடிக்கும் உங்கள் கோட்டிங் அட்டை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்கும் எங்கே போயின என்று கேட்கப் போவதில்லை.

உங்களிடம் வாங்கிய எண்ணெய் புகாத அட்டையில் செய்த தின்பண்டப் பெட்டிகள், மடிப்பதற்காக அழுத்தும் கிரீசிங் கோட்டிலேயே வெடிக்கின்றன. உள்பக்கம் மடிப்பு புடைக்கும் இடத்தில் கோட்டிங் நூல் நூலாகக் கீறி நிற்கிறது. சாயம் கலந்த எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். தட்டையான பகுதியில் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. மடிப்பில் மட்டும் சில நிமிடத்தில் வெளிப்பக்கம் வரை கசிந்துவிட்டது. அட்டையின் இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே விழும் மடிப்புகள்தான் படுமோசம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

போனில் பேசிய உங்கள் ஆள் சொன்னதைக் கேளுங்கள்: "பண்டத்தில் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாமே." எண்ணெய் தாங்கும் என்று சொல்லி அட்டையை விற்றுவிட்டு, எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார்! அதற்கு முந்தின தடவை, "மெதுவாக மடியுங்கள்" என்றார். மடிப்பது மெஷின் ஐயா. அதனிடம் நான் எப்படிச் சொல்வது?

சாம்பிளை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். அரைநாள் வேலையை விட்டு வந்தேன். வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தபின் ஒருவர் வந்து, "கூரியரில் அனுப்பியிருக்கலாமே" என்றார். அந்தக் கவரை அவர் பிரிக்கக்கூட இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் உங்கள் சான்றிதழ். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில், எண்ணெய் தாங்குவதை அளக்கும் கிட் சோதனையில் 12க்கு 10. நல்ல மார்க்தான். ஆனால் சோதித்தது தட்டையான தாளை. நான் தட்டையாகவா விற்கிறேன்? மடித்த சாம்பிளைச் சோதித்த அறிக்கை கேட்டேன், பதிலே இல்லை. காய்ந்த அட்டை சீக்கிரம் வெடிக்கும் என்று தெரிந்தவர்கள், பண்டலைப் பிரித்து எத்தனை நாளுக்குள் பெட்டியாக அடிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? முன்பு தந்த பாலிஎதிலீன் பூசிய அட்டையை பெட்டி வெட்டும் இதே டை அச்சில், இதே மெஷினில்தான் ஓட்டினேன். ஒரு புகார் வந்ததில்லை. மறுசுழற்சிக்கு நல்லது என்று நீங்கள்தான் தண்ணீரில் கலந்து பூசும் இந்தப் பூச்சுக்கு மாற்றினீர்கள். நல்ல நோக்கம்தான், நான் மறுக்கவில்லை. அதற்காக என் தொழிலையே பலி கொடுக்க வேண்டுமா? பத்து வருடத்தில் சேர்த்த பெயர் இந்த ஒரே லோடில் போய்விட்டது. இனி யாரும் என்னிடம் ஒரு பெட்டிகூட வாங்க மாட்டார்கள்.

தயவுசெய்து மீதிச் சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது மடித்துச் சோதித்த அட்டையாகப் பார்த்து அனுப்புங்கள். இரண்டில் எதுவானாலும் சரி. பத்து நாளில் பதில் வராவிட்டால் அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ். வெடித்த பெட்டிகளையும் உங்கள் ஆட்களோடு பேசிய தேதிகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதில் சொல்ல யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னவர் மட்டும் வேண்டாம்.