தோள்பட்டையைத் தூக்கிப் போடு, வள்ளி

அன்பு மகள் வள்ளிக்கு,

கனடாவில் உங்கள் கராஜில், மாப்பிள்ளை சுட்ட மான் தொங்குகிறது என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மான் வயிற்றில் பிறந்தவளின் பெயரை மகளுக்கு வைத்தோமே, அவள் வீட்டிலேயே இப்போது மான் அறுக்கப் போகிறார்களே என்கிறாள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், வள்ளியை வளர்த்த அப்பாவே வேடர்தானே என்று நான் சமாதானம் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "குண்டு பட்ட இடத்தை மட்டும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவினால் போதுமா அப்பா?" என்று கேட்டாய். போதாது. போனில் பேரன் கத்திய கத்தலில் எதையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை கத்தியை எடுப்பதற்கு முன்னால் இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. கத்தியை அவரே பிடிக்கட்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி நீ, நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் போதும்.

மாப்பிள்ளை அனுப்பிய குண்டுப் பெட்டியின் படத்தைப் பார்த்தேன். வெளியே செம்பு உறை, உள்ளே ஈயம், நுனியிலும் ஈயம் தெரிகிறது. உடம்பில் பட்டவுடன் நுனி விரிய வேண்டும் என்றே செய்யப்பட்ட குண்டு அது. விரிகிற வேகத்தில் ஈயம் உதிரும், எலும்பில் பட்டால் இன்னும் அதிகமாக உதிரும். தோலுக்கு அடியில் ஒரு பெரிய துண்டு சிக்கிக் கிடந்தால், அதை எடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம். உதிர்ந்ததெல்லாம் உளுந்து நொய்யைவிடச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது, மெல்லும்போது பல்லுக்கும் தெரியாது.

உன் அண்ணன் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பதால் இதையெல்லாம் எனக்குத் தேடி எடுத்து விளக்கினான். அமெரிக்காவில் ஈயக் குண்டால் சுட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வு. ஒரு மானுக்குச் சராசரி 136 உலோகத் துணுக்குகள், ஒன்றில் 409 வரை இருந்தன. அந்த மான்களை வீட்டில் யாரும் வெட்டவில்லை, கறி வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்துத்தான் வெட்டினார்கள். அப்படியும் அரைத்த கறிப் பொட்டலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் துணுக்கு இருந்தது. துணுக்கு இருந்த கறியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள், இரண்டு நாளில் ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. வயிற்றில் போன ஈயம் அப்படியே வெளியே போய்விடும் என்று உங்கள் ஊர் வேட்டைக்காரர் யாராவது சொன்னால் இதைச் சொல்.

மினசோட்டா மாநிலத்தில் 2008-இல் செத்த ஆடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். காயத்திலிருந்து 11 அங்குலம் தள்ளியும் ஈயம் கிடைத்தது. நம் கணக்கில் ஒரு சாணுக்கும் மேல். கழுவிப் பார்த்தால் என்ன ஆகிறது என்றும் சோதித்தார்கள். தண்ணீரோடு சேர்ந்து ஈயம் மற்ற இடங்களுக்கும் போனது. அதனால்தான் கழுவாதே என்கிறேன்.

இங்கே மொரீஷியஸில் மான் கறி என்றால் எப்படி உயிரை விடுவோம் என்று உனக்குத் தெரியும். 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மான்கள், இன்று கரும்புத் தோட்டத்துக்காரர்களின் ஷாஸே என்கிற வேட்டைக் காடுகளில் மந்தை மந்தையாகத் திரிகின்றன. ஜூன் பிறந்தால் துப்பாக்கிச் சத்தம், செப்டம்பர் கடைசியோடு அடங்கும். அந்த மாதங்களில் நான் நின்றது அறுக்கிற கொட்டகையில். சுடுகிறவர்கள் மிராதோர் என்கிற பரண் மேலே, விரட்டுகிறவர்கள் காட்டுக்குள்ளே, தோலும் குடலும் எங்களுக்கு. சாயங்காலம் பங்கு பிரிக்கும்போது தொடையும் முதுகுக் கறியும் விருந்தாளிகளின் வண்டியில் ஏறும். எங்களுக்கு வருவது அடிபட்ட தோள். எந்த ஷாஸே என்று எழுத மாட்டேன், நான் பார்த்த இடத்தில் அதுதான் வழக்கம். உன் பாட்டி அந்தத் தோளில் உறைந்த ரத்தத்தைக் கத்தியால் சுரண்டி, நாலு தண்ணீர் விட்டு அலசி, மஞ்சளும் கடுகும் பூண்டும் வினிகரும் போட்டு விந்தாய் வைப்பாள். ஒரு துண்டு வீணாகாது. அந்தச் சிக்கனத்தில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தச் சிக்கனம் உனக்கு வேண்டாம்.

இனி மாப்பிள்ளைக்கு. மான் பின்கால்களில் தலைகீழாகத் தொங்குகிறது என்றீர்களே, நல்லது, அப்படியே இருக்கட்டும். ரத்தம் தோள் பக்கமாகக் கீழே இறங்கும், தொடைக்குப் போகாது. வேலையைச் சுத்தமான பக்கத்திலிருந்து தொடங்குங்கள், காயத்தைக் கடைசியில் தொடுங்கள். முதலில் இரண்டு பின்தொடை. அவற்றை வேறு பலகையில் வைத்து, மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் முதுகுக் கறி. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் அந்தச் சதையை இடுப்பிலிருந்து தொடங்கி முன்னோக்கி உரித்துக்கொண்டு வாருங்கள், காயத்துக்கு இரண்டு சாண் இருக்கும்போதே நிறுத்தி அறுத்துவிடுங்கள். மிச்சத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இனித்தான் தோள். மானின் முன்காலை உடம்போடு சேர்க்கிற மூட்டு எலும்பு எதுவும் கிடையாது. வெறும் சதையில்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து, அக்குளில் கத்தியை விட்டு, விலா எலும்பை ஒட்டியே மேலே கொண்டுபோனால் பட்டை எலும்போடு முழுத் தோளும் கையோடு வந்துவிடும். ரம்பம் தேவையில்லை. அடிபட்ட எலும்பில் ரம்பத்தை வைக்கவே கூடாது, எலும்புத் தூளோடு ஈயத் தூளும் பறக்கும். தோள் விலகியதும் உள்ளே பாருங்கள். விலாவுக்கும் தோளுக்கும் நடுவில் கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று ரத்தம் படர்ந்திருக்கும். வெள்ளைச் சவ்வுக்கு அடியில் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சவ்வைக் கிழித்துப் பாருங்கள். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு துளைதான், உள்ளே இரண்டு கை விரித்த அகலம் கறுத்திருக்கும். அது முடிகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்ட வேண்டும். ஒரு தோளில் நுழைந்து மறு தோளில் வெளியேறியது என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு தோளும், நடுவிலுள்ள விலாவும் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயமும் வேண்டாம். ஈரல் குண்டு போன பாதைக்குப் பக்கத்தில் இருந்தது, அதுவும் வேண்டாம். (ஈரலைப் போடச் சொன்னதற்கு உன் அம்மா என்னை முறைக்கிறாள்.)

கழுத்துக் கறியைக் குழம்புக்கு எடுக்கலாமா என்று கேட்பீர்கள். தோளிலிருந்து தலைப் பக்கமாக ஒரு சாண் விட்டும் சதை மிஞ்சினால் எடுக்கலாம், ஆனால் இந்த மானுக்கு நான் எடுக்க மாட்டேன்.

தோளைத் தொட்ட கத்தி, பலகை, கையுறை எதுவும் நல்ல கறிப் பக்கம் திரும்பி வரக்கூடாது. குழாய்த் தண்ணீரை மான் மேல் அடிக்க வேண்டாம். ரோமமோ அழுக்கோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தை மெல்லிசாகச் சீவி எறியுங்கள்.

அப்புறம் அந்த அரைக்கிற மெஷின். உங்கள் ஊரில் மிஞ்சிய துண்டையெல்லாம் அரைத்து பர்கரும் சாசேஜும் செய்துவிடுகிறார்கள். ஈயம் அதிகம் அகப்படுவதே அந்த அரைத்த கறியில்தான். தோளிலிருந்து சுரண்டிய ஒரு பிடி போதும், மெஷின் முழுக்கத் தடவிவிடும், பின்னால் போகிற நல்ல கறியும் கெட்டது. அரைத்தே ஆக வேண்டுமென்றால் பின்தொடையை மட்டும் அரையுங்கள். கடையில் கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தால், உங்கள் மானை மட்டும் தனியாக அரைத்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். நாலு பேருடைய மான் ஒன்றாக அரைபட்டால் நீங்கள் இங்கே பார்த்துப் பார்த்து வெட்டியதற்கு அர்த்தமே இல்லை.

வள்ளி, விந்தாய் எப்படி வைப்பது என்று அம்மாவிடம் கேட்டாயாமே. இந்த மானுக்கு வேண்டாம். ஸ்பெயினில் காடைக் கறிக்குள் ஈயக் குண்டுகளை வைத்துச் சமைத்துப் பார்த்திருக்கிறார்கள். வினிகர் சேர்த்த கறியில் ஈயம் கரைந்து இறங்கியது மிக அதிகம். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும், அவ்வளவுதான். நம் சமையலில் புளி, தக்காளி, வினிகர், எலுமிச்சை எதையாவது போட்டு ராத்திரி முழுக்க ஊற வைப்பது வழக்கம். கண்ணுக்குத் தப்பிய ஒரு துணுக்கு உள்ளே இருந்தால், ஊறும்போது அது கறி முழுக்கப் பரவிவிடும். தொடைக் கறியை மிளகு, சோம்பு, பூண்டு அரைத்துப் போட்டு எண்ணெயில் பிரட்டி வறுக்கச் சொல். நன்றாக வேக வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கிருமி சாகும், ஈயம் சாகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் அப்படியே இருக்கும்.

இதுவரை எழுதியது மாப்பிள்ளைக்கும் அவருடைய நண்பர்களுக்கும். உனக்கும் பேரனுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்த மானை நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வேண்டாம். தொடையும் வேண்டாம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்களும், 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் ஈயக் குண்டால் சுட்ட வேட்டைக் கறியைத் தவிர்க்கச் சொல்கிறது. வாரத்துக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று முன்பு ஒரு அளவு வைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2010-இல் அந்த அளவையே எடுத்துவிட்டது, பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவு இல்லை என்பதால். ஈயம் ரத்தத்திலிருந்து போய் எலும்பில் தங்கிக்கொள்ளும், வருஷக் கணக்கில் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது இதுவும் சேர்ந்து இறங்கி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். மூன்று வயதுப் பையனுக்கோ மூளை வளர்கிற வயது. பயப்படுத்த எழுதவில்லை. ஏற்கெனவே நண்பர் வீட்டில் மான் பர்கர் சாப்பிட்டோம் என்று நீ சொன்னதால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பையனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். சின்ன சோதனைதான். அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்கச் சொல்கிறார்கள்.

உன் அம்மா இதில் எனக்கு எதிர்க் கட்சி. தொடையில் ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசை வராதா என்கிறாள். ஆசைக்குக் கோழி இருக்கிறது.

வெட்டி எறிவதை நாய்க்குப் போடாதீர்கள். வெளியே வீசினால் காக்கையும் கழுகும் தின்னும். கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் இப்படித்தான் செத்தன, அங்கே 2019-இலிருந்து ஈயக் குண்டால் வேட்டையாடவே தடை. பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். இன்னொன்று, ஈயத்துக்குச் சம்பந்தமில்லாதது: ஆல்பர்ட்டாவில் சில பகுதிகளில் மானின் தலையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், மான்களுக்கு வருகிற மூளை நோய்க்காக. உங்கள் பகுதி அதில் வந்தால் முடிவு வரும்வரை மாப்பிள்ளையும் வாயில் வைக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் முழுக்கச் செம்பால் ஆன குண்டு வாங்கச் சொல். விலை கொஞ்சம் கூட, ஆனால் அது விரிந்தாலும் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும், ஈயமும் இல்லை. துப்பாக்கிக்கு அது ஒத்துவருகிறதா என்று முன்கூட்டியே சுட்டுப் பழகிக்கொள்ளட்டும். அப்போது விந்தாயை அம்மாவே போனில் நின்று சொல்லித் தருவாள். தோளையும் அதில் சேர்க்கலாம்.

சனிக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்கு ராத்திரி ஏழு. தோளைக் கழற்றும் முன்னால் வீடியோவில் கூப்பிடு, நான் பார்த்து எங்கே வெட்டுவது என்று சொல்கிறேன். பெரிய விளக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன தடவை உங்கள் கராஜ் ஒரே இருட்டாக இருந்தது.

அன்புடன்,
அப்பா